ஃபாக்ஸ்ப்ரோ: கணக்குப்பிள்ளையின் கணினிமொழி

ஃபாக்ஸ்ப்ரோவில் ‘டெலீட்’ என்று அடித்தால் எதுவும் அழியாது. ஒவ்வொரு பதிவின் தலைமாட்டிலும் ஒரே ஓர் எழுத்துக்கான இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பதிவு நடப்பில் இருக்கும்வரை அந்த இடம் காலி. அழிக்கச் சொன்னதும் அங்கே ஒரு நட்சத்திரக் குறி வந்து உட்காரும். நடப்பது அவ்வளவுதான். வாடிக்கையாளர் பெயர், பில் எண், தொகை எல்லாம் வட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். ‘செட் டெலீடட் ஆன்’ போட்டிருந்தால் கண்ணில் படாது. ‘ரீகால்’ என்று அடித்தால் நட்சத்திரம் போய்ப் பதிவு திரும்பிவிடும். நிஜமாகவே வேண்டாம் என்று முடிவு செய்தபின் ‘பேக்’ என்று தனியாக ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். அப்போதுதான் நட்சத்திரம் வாங்கியவை வெளியேறி, மிச்சமுள்ளவை நெருங்கி உட்காரும்.

கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பேரேட்டில் தப்பாக விழுந்த வரியைச் சுரண்டக் கூடாது. மேலே ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும். மயிலாப்பூர் ஆடிட்டர் ஆபீஸ்களில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதலில் சொல்லித் தருகிற பாடங்களில் இது ஒன்று. அந்தப் பாடத்தை ஒரு கணினிமொழி தன் உடம்பிலேயே எழுதி வைத்திருந்தது. அதனால்தான் ஃபாக்ஸ்ப்ரோவைக் கணக்குப்பிள்ளையின் மொழி என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்த மொழியை விற்ற நிறுவனம் அதை எப்போதோ கைவிட்டுவிட்டது. ஆனாலும் டி.நகரில் ஒரு நகைக்கடையின் பின்னறையில், மயிலாப்பூரில் ஒரு சீட்டுக் கம்பெனியில், அடையாற்றில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் அது இன்னும் பில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அதன் முடிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அதன் அழகைப் பேசியவர்கள் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

வம்சாவளியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப், கால்பந்துப் பந்தயக் கணக்குக்காக 1970-களின் கடைசியில் ‘வல்கன்’ என்ற மென்பொருளை எழுதினார். அது ஆஷ்டன்-டேட் நிறுவனத்தின் கைக்குப் போய் ‘டிபேஸ்’ ஆனது. டிபேஸில் எழுதிய புரோகிராம்களை அதைவிட வேகமாக ஓட்டிக் காட்டுகிறோம் என்று ஒஹையோ மாநிலத்துச் சிறு நிறுவனமான ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் கிளம்பியது. சொன்னபடி ஓட்டியும் காட்டியது. மொழியே எங்கள் சொத்து என்று ஆஷ்டன்-டேட் 1988-இல் வழக்குப் போட்டது. டிபேஸ் பிறந்த மூலத்தை மறைத்தார்கள் என்று சொல்லி 1990 டிசம்பரில் நீதிபதி ஆஷ்டன்-டேட்டின் பதிப்புரிமையையே செல்லாது என்றார். சில மாதங்களில் தம் தீர்ப்பைத் தாமே திரும்பப் பெற்றார். பிறகு ஆஷ்டன்-டேட்டை போர்லாண்ட் வாங்கிவிட, வழக்கு கைவிடப்பட்டது. 1992-இல் ஃபாக்ஸ் சாஃப்ட்வேரை மைக்ரோசாப்ட் வாங்கியது. ஒரு மொழி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இதன் பிறப்போடு ஒட்டிக்கொண்டது, இன்றுவரை விடவில்லை.

சென்னைக்கு அது வந்த வழி வேறு. 1990-களில் டி.நகர், மயிலாப்பூர்த் தெருக்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளின் ஓர் ஓரத்தில் கணினிகள் முளைத்தன. வெளியே போர்டில் வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்று மூன்று பெயர் வரிசையாக இருக்கும். பிறகு டிபேஸ் இருந்த இடத்தில் ஃபாக்ஸ்ப்ரோ ஏறியது. பி.காம். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த பிள்ளைகள், பொறியியல் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள், அங்கே போய்க் கற்றார்கள். நம் ஊரில் கணினிமொழி ஒன்று வணிகவியல் படித்தவர்களின் கைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது இதில்தான் என்பது என் எண்ணம். பற்று, வரவு, இருப்பு தெரிந்தவருக்கு இதன் பாதி ஏற்கெனவே தெரியும். மீதியை விரல்கள் கற்றுக்கொள்ளும்.

விரல்கள் என்று சும்மா சொல்லவில்லை. எந்தக் கட்டளையையும் முதல் நான்கு எழுத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ‘மாடிஃபை கமாண்ட்’ என்று முழுக்க அடிப்பவர் யார்? நான்கும் நான்குமாக அடித்து, அதை ‘மோடி காம்’ என்று வாயாலும் சொன்னார்கள். ‘மோடி காம் போடு’, ‘டிஸ்ப் ஸ்ட்ரு பார்த்தியா?’, ‘ப்ரவ்ஸ் போட்டுப் பாரு’ என்பவை அந்த லேப்களின் பேச்சுமொழி. மனப்பாடம் செய்ய வேண்டியது கொஞ்சம், அடிக்க வேண்டியது அதைவிடக் கொஞ்சம்.

ஆசிரியர் இல்லாமல் கற்கவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். மெனுவில் ஏறி இறங்கி ஒரு கோப்பைத் திறந்தால், அந்த வேலைக்குரிய கட்டளையை ஃபாக்ஸ்ப்ரோ தானே கமாண்ட் விண்டோவில் எழுதிக் காட்டும். மெனுவில் செய்ததை அடுத்த முறை கையால் அடித்துக்கொள்ளலாம். பழைய வரியின் மேல் கர்சரை வைத்து என்டர் தட்டினால் அதே வேலை மறுபடி நடக்கும். இன்றைய மென்பொருள்கள் தாம் உள்ளே செய்வதைப் பயனரிடமிருந்து மறைப்பதைப் பெருமையாக நினைக்கின்றன. இது செய்ததைச் சொல்லியே செய்தது. நான் பார்த்த மென்பொருள்களில் இத்தனை நல்ல ஆசிரியகுணம் உள்ளது வேறொன்று இல்லை.

இதன் வாக்கிய அமைப்பிலும் ஒரு சொகுசு உண்டு. வினைச்சொல் முன்னால் வந்துவிட்டால் போதும். ‘அடுத்த பத்து’, ‘எல்லாம்’, ‘இருக்கும்வரை’, ‘இப்படிப்பட்டவை மட்டும்’ என்ற துணைத்தொடர்களைப் பெரும்பாலும் எந்த வரிசையிலும் போடலாம். சொல் இடம் மாறினாலும் பொருள் மாறாத மொழியில் பேசி வளர்ந்த நமக்கு அது ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

திரையில் படிவம் போடும் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கறுப்புத் திரையில் 25 வரி, வரிக்கு 80 கட்டம். பத்தாவது வரியில் இருபதாவது கட்டத்தில் ‘பெயர்’ என்று ‘சே’ சொல்லும். பக்கத்தில் ‘கெட்’ வாங்கிக்கொள்ளும். சொல்வதும் வாங்குவதும் ஒரே வரியில் முடிந்துவிடும். அந்தக் ‘கெட்’டுக்கு இரண்டு காவலர்கள். உள்ளே நுழைய விடலாமா என்று ‘வென்’ கேட்கும். வெளியே போக விடலாமா என்று ‘வேலிட்’ கேட்கும். ரொக்க விற்பனை என்றால் கடன் நாட்களைக் கேட்காமலே கர்சர் தாண்டிப் போகும். இருப்பில் 3 புடவை இருக்க 5 என்று அடித்தால் அந்தக் கட்டத்தை விட்டு நகரவே விடாது. மவுஸ் தேவையில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவில் வரிசை வாசல்வரை நிற்கும்போது, கீபோர்டைப் பார்க்காமல் என்டர், என்டர் என்று தட்டிக்கொண்டு போகும் பில்லிங் பெண்ணின் வேகத்துக்கு ஈடுகொடுத்தது இந்த இரண்டு காவலர்களும்தான்.

பிறகு ‘ப்ரவ்ஸ்’. இந்த மொழியின் முகம் என்றால் அதுதான். அட்டவணை முழுவதையும் வரிவரியாக விரித்துக் கையில் கொடுத்துவிடும். இரண்டு அட்டவணைகளைத் திறந்து ‘செட் ரிலேஷன்’ போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இடதுபக்கம் சீட்டுக் குழுவின் சந்தாதாரர் பெயர்மேல் கர்சர் இறங்க இறங்க, வலதுபக்கம் அவரவர் கட்டிய தவணைகள் மாறிக்கொண்டே வரும். யார் எத்தனை தவணை பாக்கி, ஏலத்தில் யார் எடுத்தார், கசர் எவ்வளவு என்பதெல்லாம் ஒரு வரிகூடப் புரோகிராம் எழுதாமல் தெரிந்துவிடும். தரவை ஒரு சுவருக்குப் பின்னால் வைத்து, கேள்வி எழுதிக் கொடுத்தால் பதில் அனுப்புவது மற்ற தரவுத்தளங்களின் வழக்கம். இங்கே சுவரே இல்லை. நிற்கிற பதிவு, அடுத்த பதிவு, முந்தின பதிவு என்று ஏட்டின்மேல் விரல் வைத்து நகர்கிற உணர்வு. கடைசிப் பதிவையும் தாண்டி ஓரடி வைத்தால் அங்கே எல்லாப் புலமும் வெறுமையாக ஒரு நிழல் பதிவு இருக்கும். ஏடு முடிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

தேடலிலும் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு சொற்களைச் சமமா என்று கேட்டால், வலதுபக்கச் சொல் தீர்ந்த இடத்தில் ஒப்பிடுவதை நிறுத்திக்கொள்ளும். ‘ராமசாமி’ என்பது ‘ராம’வுக்குச் சமமா என்றால் ஆம் என்று சொல்லும்; ‘ராம’ என்பது ‘ராமசாமி’க்குச் சமமா என்றால் இல்லை என்று சொல்லும். கணித வாத்தியாருக்கு இது பிடிக்காது. பாதிப் பெயர் சொல்லும் வாடிக்கையாளருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பில்லிங் பெண்ணுக்கோ இதுதான் வேண்டும். இதில் ஒரு பள்ளமும் உண்டு: வலதுபக்கம் வெறுமையாக இருந்தால் எதுவும் அதற்குச் சமம். கண்டிப்பாக ஒப்பிட வேண்டும் என்றால் சமக்குறியை இரட்டையாகப் போட வேண்டும். அதை மறந்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குக் கணக்கு ஏன் இடிக்கிறது என்று தேடாத ஃபாக்ஸ்ப்ரோக்காரர் இந்த ஊரில் இருக்க முடியாது.

நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் குழப்பத்துக்கும் அதனிடம் அரைகுறையாக ஒரு மருந்து இருந்தது: ‘சவுண்டெக்ஸ்’. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, மிச்ச ஒலிகளை எண்ணாக மாற்றும் பழைய அமெரிக்க முறை. தியாகராய நகருக்குப் பெயர் கொடுத்த சர் பிட்டி தியாகராயரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அதை மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். எப்படி எழுதினாலும் சவுண்டெக்ஸ் தருவது ஒரே விடை: டி260. முருகன் நடுவில் ‘ஜி’ போட்டு வந்தாலும் ‘கே’ போட்டு வந்தாலும் எம்625. லட்சுமியிடம்தான் தோற்றது. ‘க்ஷ்’ போட்டு எழுதினாலும் ‘எக்ஸ்’ போட்டு எழுதினாலும் எல்250. ‘லெட்சுமி’ என்று பேச்சுவழக்கில் எழுதிவிட்டால் எல்325 ஆகி அவர் வேறு ஆளாகிவிடுவார். ழகரத்துக்கு அதனிடம் வழியே கிடையாது. அயல்நாட்டு இயந்திரம் நம் காதுக்கு இவ்வளவு தூரம் வந்ததே பெரிது.

பெயரைத் தமிழிலேயே எழுதியவர்களும் இருந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ‘தாம்’, ‘தாப்’ என்ற எழுத்துருக் குறிமுறைகளைத் தரமாக அறிவித்தது. ஓர் எழுத்து வடிவுக்கு ஒரு பைட் என்பது அவற்றின் கணக்கு. ஃபாக்ஸ்ப்ரோவின் கணக்கும் அதுவே. அதனால் இரண்டும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தின. ‘முருகேசன்’ தாம் முறையில் ஆறு இடத்தில் அடங்கிவிடுவார். இன்றைய யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் அவருக்கு 27 பைட் வேண்டும். அகரவரிசைதான் வேடிக்கையானது. கொம்பு முன்னால் வரும் எழுத்துகளில் கொம்பையே முதலில் சேமிப்பதால், செல்வி, பெருமாள், தெய்வநாயகி எல்லாரும் கொம்பின்கீழ் ஒன்றாகக் கூடுவார்கள். சண்முகத்துக்கும் செல்வத்துக்கும் நடுவே பல பக்கம் இடைவெளி விழும். யூனிகோடு அறியாத இந்த மொழியில் அப்படி எழுதிவைத்த சந்தா பட்டியல்களும் நன்கொடைப் பட்டியல்களும் இன்றும் இருக்கின்றன. எழுத்துரு தொலைந்துவிட்டால் அவை வெறும் குறிகளின் குவியலாகத்தான் தெரியும்.

எண்களை அது வைத்திருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. நகைக்கடையில் எடைக்கு மொத்தம் எட்டு இடம், அதில் தசமத்துக்குப்பின் மூன்று என்று புலம் அமைப்பார்கள், மில்லிகிராம்வரை வரும். 15.750 கிராம் வளையல் வட்டில் எப்படி உட்காருகிறது? முன்னால் இரண்டு வெற்றிடம், பிறகு 15, புள்ளி, 750. எழுத்தாகவே இருக்கிறது. தேதியும் அப்படித்தான்: ஜி.எஸ்.டி. வந்த நாள் 20170701 என்று எட்டு எழுத்தாக நிற்கும். கோப்பின் தலைப்பில் 32 பைட், அதில் கடைசியாகத் தொட்ட தேதியும் மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கையும்; பின் ஒவ்வொரு புலத்துக்கும் 32 பைட் விவரம்; அதற்குப்பின் பதிவுகள் ஒரே அகலத்தில் வரிசையாக. ஃபாக்ஸ்ப்ரோவே இல்லாமல் நோட்பேடில் திறந்தால்கூட, முதல் சில வரிக் கிறுக்கலைத் தாண்டியதும் பெயர்களும் எடைகளும் தேதிகளும் வெறும் கண்ணுக்குத் தெரியும். கடை கணக்கைக் கடைக்காரரே படிக்க முடியாதபடி பூட்டி வைக்கவில்லை.

அந்தத் திறந்த மனசுதான் மின்வெட்டுக் காலத்தில் பல கடைகளைக் காப்பாற்றியது. பதிவு எழுதும் நேரத்தில் கரண்ட் போனால், கோப்பில் பதிவு ஏறியிருக்கும், தலைப்பில் எண்ணிக்கை ஏறியிருக்காது. அல்லது நேர்மாறாக நடக்கும். மறுநாள் காலையில் ‘இது டேபிளே இல்லை’ என்று சாதிக்கும். கடையிலிருந்து போன் வரும்: “தம்பி, இன்டெக்ஸ் அடிச்சிருச்சு போல, கடை திறந்தாச்சு, சட்டுனு வாங்க.” புரோகிராமர் தம்பி வந்து, கோப்பின் மொத்த அளவிலிருந்து தலைப்பைக் கழித்து, பதிவின் அகலத்தால் வகுத்து, வந்த எண்ணைத் தலைப்பில் எழுதிவிட்டு, ரீஇன்டெக்ஸ் போடுவார். “ஓடுது அண்ணாச்சி, ஒரு பில் போட்டுப் பாருங்க.” நான்காம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் ஒரு தரவுத்தளத்தை உயிர்ப்பிக்கலாம் என்பதை வேறு எந்த மென்பொருளிலும் நான் கண்டதில்லை.

வேகத்தைச் சொல்லாமல் விட்டால் ஃபாக்ஸ்ப்ரோக்காரர்கள் கோபிப்பார்கள். 1991-இல் வந்த 2.0 பதிப்பில் ‘ரஷ்மோர்’ என்றொரு உத்தி சேர்ந்தது. டி.நகரில் இருப்பவர், ஐயாயிரத்துக்குமேல் பாக்கி உள்ளவர் என்று இரண்டு நிபந்தனை போட்டால், பதிவுகளைத் தொடாமலே இன்டெக்ஸ்களை மட்டும் பார்த்து, பதிவுக்கு ஒரு பிட் வீதம் ‘உண்டு, இல்லை’ என்று இரண்டு வரிசை எழுதிக்கொள்ளும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து இரண்டிலும் ‘உண்டு’ வந்த பதிவுகளை மட்டும் போய் எடுக்கும். ஒரு நிபந்தனை அதற்கு உண்டு: இன்டெக்ஸை எந்தச் சொற்றொடரில் போட்டீர்களோ எழுத்துப் பிசகாமல் அதே தொடரில் கேட்க வேண்டும். பெயரைப் பெரிய எழுத்தாக்கி இன்டெக்ஸ் போட்டுவிட்டு வெறும் பெயரைக் கேட்டால் ரஷ்மோர் திரும்பிப் பார்க்காது. இந்த உத்தியை மைக்ரோசாப்ட் பிற்பாடு தன் ஆக்சஸ் மென்பொருளுக்கும் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதற்கு உரிய நன்றியை மூலத்துக்குக் காட்டவில்லை என்பதே என் மனத்தாங்கல்.

வேகமே அதற்கு ஒருமுறை வினையாகவும் முடிந்தது. பழைய 2.6 பதிப்பு தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளந்து பார்த்துக்கொள்ளும். 1990-களின் கடைசியில் வந்த கணினிகளில் அந்த வேலை நொடிப்பொழுதுகூட ஆகாமல் முடிந்து, நேரம் பூஜ்யமாகி, பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று படுத்துவிட்டது. அதற்கொரு ஒட்டுப்போட்டுத்தான் தொடர்ந்து ஓட்டினார்கள்.

இனி அதன் தலையெழுத்து. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பெயரில் 1995-இல் புதிய உடம்பு எடுத்து, 2004 டிசம்பரில் 9-ஆம் பதிப்புவரை வந்தது. 2007 மார்ச்சில் மைக்ரோசாப்ட் அறிவித்தது: பத்தாம் பதிப்பு கிடையாது. அதே ஆண்டு ஜனவரி 1 அன்றுதான் தமிழ்நாட்டில் பழைய விற்பனைவரி போய் வாட் வந்திருந்தது. பாண்டி பஜார் கடைகளுக்காக ராப்பகலாக வரிக்கட்டங்களை மாற்றி எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், எழுதுகிற மொழிக்கே எதிர்காலம் இல்லை என்று செய்தி வந்தது. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் ஃபாக்ஸ்ப்ரோக்காரர்கள் ‘மாஸ்ஃபாக்ஸ்ப்ரோ’ என்ற பெயரில் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். நிறுவனம் அசையவில்லை. சில துணைக்கருவிகளின் மூலநிரலைப் பொதுவில் விட்டார்கள்; மொழியின் கருவை விடவில்லை. 2015 ஜனவரி 13-ஆம் தேதியோடு ஆதரவும் முடிந்தது. தானும் வளர்க்காமல், வளர்க்கிறோம் என்றவர்களிடமும் கொடுக்காமல் ஒரு மொழியைப் பூட்டிவைத்தது தவறு என்றே நினைக்கிறேன்.

பூட்டியபிறகும் 9-ஆம் பதிப்பு ஓடுகிறது. அதன் இயக்கக் கோப்பு ஐந்து எம்.பி.கூட வராது, விண்டோஸ் 11-லும் சாதுவாக ஓடும். 32 பிட் நிரல்களை மைக்ரோசாப்ட் எதுவரை அனுமதிக்கிறதோ அதுவரை அதற்கு ஆயுள். ஒரு கோப்பு இரண்டு ஜி.பி.யைத் தாண்ட முடியாது என்ற எல்லை உண்டு. ஒரு மயிலாப்பூர்ப் பாத்திரக் கடைக்கு அது போதும். டாஸில் ஓடும் பழைய 2.6-இன் கதை வேறு. டாஸ் நிரல்களை 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால் அங்கே இயல்பாக ஓட வழியில்லை. அதற்குக் கடைசி வீடாக இருந்த 32 பிட் விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. இனி டாஸ்பாக்ஸ் போன்ற பாவனைக் கருவிக்குள் குடியிருக்க வேண்டியதுதான்.

அரசாங்கக் கெடுபிடியும் கூடிவருகிறது. மின்-விலைப்பட்டியல் முறை 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்து நின்றது. இணையத்தில் ஜேசன் வடிவில் பில்லை அனுப்பி எண் வாங்க வேண்டும். ஃபாக்ஸ்ப்ரோவுக்கு ஜேசன் தெரியாது. வெளியிலிருந்து துணை வைத்துச் சமாளிக்கிறார்கள். உலகின் பிற பகுதிகளில் சிலர் இந்த மொழியைப் புதிய தளத்தில் மறுபடி கட்டுகிறார்கள். எக்ஸ்-ஷார்ப் என்ற திறந்தமூல முயற்சி டாட்நெட்டில் ஃபாக்ஸ்ப்ரோ நடையைப் பேச வைக்கிறது. விஎஃப்பிஎக்ஸ் என்ற பொதுத்திட்டத்தில் ஆர்வலர்கள் துணைக்கருவிகளைத் தொடர்ந்து செப்பனிடுகிறார்கள். இவை நம்பிக்கை தருகின்றன. ஆனால் நம் கடைகளின் பிரச்சினை மொழியோடு நிற்கவில்லை. எழுதிக் கொடுத்த தம்பிக்கு இப்போது அறுபது வயது நெருங்குகிறது. அவருக்குப்பின் அந்தப் புரோகிராமைப் படிக்க ஆளில்லை.

டிபிஎஃப் என்ற அதன் கோப்பு வடிவம் மட்டும் எல்லாரையும் தாண்டி நிற்கும் என்று தோன்றுகிறது. நிலவரைபட மென்பொருள்களில் புழங்கும் ‘ஷேப்ஃபைல்’ தன் விவரங்களை வைத்துக்கொள்வது இதே டிபிஎஃப் அட்டவணையில்தான். சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளை ஷேப்ஃபைலாகத் திறக்கும் இன்றைய மாணவி, வார்டின் பெயரும் எண்ணும் உட்கார்ந்திருப்பது டிபேஸ் காலத்து ஏட்டில் என்பதை அறியாமலே வேலை செய்கிறார். புலத்தின் பெயர் ஏன் பத்து எழுத்தோடு வெட்டுப்படுகிறது என்று எரிச்சல்படும்போது அவர் முட்டிக்கொள்வது அந்தப் பழைய 32 பைட் கணக்கில்.

உங்கள் கடையிலோ ஆபீஸிலோ இன்னும் ஃபாக்ஸ்ப்ரோ ஓடுகிறதென்றால் அதற்காக வெட்கப்பட வேண்டாம். நாளைக்கே தூக்கிப் போடவும் வேண்டாம். ஆனால் எழுதிக் கொடுத்தவரை இந்த மாதமே கூப்பிடுங்கள். டிபிஎஃப் கோப்புகளோடு, அவர் எழுதிய பிஆர்ஜி மூலக்கோப்புகளையும் கேட்டு வாங்கி வேறோர் இடத்தில் ஒரு பிரதி வையுங்கள். தமிழில் பதிந்திருந்தால் எந்தக் குறிமுறை என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி, எழுத்துருக் கோப்பையும் சேர்த்து வையுங்கள். எந்தப் புலத்தில் எது இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு அவர் செலவிடும் நாளுக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.